பிங் கட்டளையால் நெட்வொர்க் பழுதைக் கண்டறிதல்: அருகிலிருந்து தொலைவு நோக்கி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் அலுவலகக் கணினிகளையும், அவற்றைக் கேபிளால் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளையும் பராமரிக்கும் வேலையில் புதிதாகச் சேரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒரு முகவரிக்குப் பாக்கெட் என்ற சிறு தரவுத் துண்டை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை அவர்களுக்குத் தெரியும். அதை முதலில் எந்த முகவரிக்கு அடிப்பது என்பதுதான் தெரிவதில்லை. போனில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "ரூட்டருக்குப் பிங் போட்டுப் பாத்தீங்களா தம்பி?" "இல்லீங்ணா, நேரா எட்டு எட்டு எட்டு எட்டுக்குத்தான் போட்டனுங்க, வரலீங்க."

8.8.8.8 போன்ற, இணையத்தில் இருக்கும் வெளி முகவரியிலிருந்து பதில் வரவில்லை என்பதை வைத்து கணினி, கேபிள், ஸ்விட்ச், ரூட்டர், இணைய நிறுவனம் ஆகிய ஐந்தில் எது பழுது என்று சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையில் செல்கிறது: முதலில் சொந்தக் கணினி, அடுத்து ரூட்டர், அதற்கடுத்து வெளி முகவரி, அதன்பின் பெயர், கடைசியில் குறிப்பிட்ட சேவை. ஒரு படி தேறாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும். விளக்கம் விண்டோஸ் கணினிக்கானது; லினக்ஸில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. கட்டளைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை செய்கிறது என்று ஏற்கெனவே சோதித்த பேட்ச் கேபிள் ஒன்று, ஒரு தாள், ஒரு பேனா, அந்த இடத்து முகவரிப் பட்டியல் ஆகியவை வேண்டும். பட்டியலில் ரூட்டர், பிரிண்டர், வருகைப் பதிவுக் கருவி, கேமரா டிவிஆர் ஆகியவற்றின் ஐபி முகவரிகள் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாத கம்பெனிகளே அதிகம் என்பதால், முதல்முறை போகும்போதே அதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. பழுது நேரத்தில் முகவரி தேடுவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவது போன்றது.

அடுத்து, அங்கே இருப்பவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒரு கணினிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? எப்போதிலிருந்து? அதற்கு முன் யாராவது எதையாவது புதிதாகச் சொருகினார்களா? மூன்றாவது கேள்விக்கு முதல் பதில் எப்போதும் "இல்லீங்க" என்றுதான் வரும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும்.

கடைசியாக, கேபிள் சொருகியிருக்கும் துளையின் பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு எரியாத இடத்தில் பிங் அடிப்பதில் பயனில்லை. முதலில் கேபிளை மாற்ற வேண்டும்.

2. சொந்த முகவரியைப் பார்த்தல்

ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சிஎம்டி என்று தட்டி, வரும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை இடைவெளியின்றி அடிக்க வேண்டும். ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். டீஃபால்ட் கேட்வே என்பது பெரும்பாலும் உங்கள் ரூட்டரின் முகவரிதான்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் இந்தப் படியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ரூட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காததால் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்பதே அதன் பொருள். கேபிளை மாற்றிவிட்டு, ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், ஐபிகான்ஃபிக் /ரினியூ என்ற இரண்டையும் அடுத்தடுத்து அடித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் 169.254 வந்தால், கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கிறது, அல்லது முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை ரூட்டரில் நின்றுவிட்டது.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, பட்டியலில் முதலில் தெரியும் அடாப்டரின் (கணினியின் நெட்வொர்க் இணைப்புக் கார்டின்) முகவரியை எழுதிக்கொள்வது. தொலைவில் உள்ள நெட்வொர்க்கோடு இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மென்பொருள் போன்றவை போலி அடாப்டர்களை உருவாக்கிவைத்திருக்கும். டீஃபால்ட் கேட்வே வரியில் எண் உள்ள அடாப்டரைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டும். விபிஎன் இணைப்பு இருந்தால், அதைத் துண்டித்துவிட்டுத் தொடங்குவது தெளிவு.

3. கணினி தன்னையே பிங் செய்தல்

பிங் 127.0.0.1 என்று அடித்தால் நான்கு பதில்கள் வர வேண்டும். இது கணினிக்குள் இருக்கும் நெட்வொர்க் மென்பொருள் சரியாக இயங்குகிறதா என்று மட்டுமே சொல்லும். பாக்கெட் கேபிளுக்கே போவதில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு அடித்தாலும் பதில் வரும். அதனால் இதைப் பார்த்து "கார்டு நல்லா இருக்குங்க" என்று சொல்லக் கூடாது.

4. ரூட்டரைப் பிங் செய்தல்

மொத்தச் சோதனையிலும் அதிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். எழுதிவைத்த கேட்வே முகவரி 192.168.1.1 என்றால், பிங் 192.168.1.1 என்று அடிக்க வேண்டும். விண்டோஸ் 32 பைட் கொண்ட பாக்கெட்டை நான்கு முறை அனுப்பிவிட்டு நிற்கும். லினக்ஸ், கண்ட்ரோல் விசையோடு சி-யை அழுத்தும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சரியான பதில் வரியில் மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும். பதில் எந்த முகவரியிலிருந்து வந்தது, எத்தனை மில்லி விநாடி ஆனது, டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ரூட்டர்களைத் தாண்டலாம் என்ற எண்) எவ்வளவு. கேபிள் வழியில் ரூட்டர் 1 மில்லி விநாடிக்குள் பதில் தர வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை வந்தாலும் பரவாயில்லை; 3, 180, 5, 420 என்று எகிறிக் குதித்தால் சிக்னலில் கோளாறு என்று கொண்டு, ஒரு கேபிளைச் சொருகி மறுபடியும் அடித்துப் பார்க்க வேண்டும்.

பதில் வராதபோது திரையில் தெரியும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒவ்வொன்றும் வேறு பழுதைச் சொல்கிறது. ரிக்வெஸ்ட் டைம்டு அவுட் என்றால், பாக்கெட் போனது, பதில் குறித்த நேரத்துக்குள் வரவில்லை. டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்ற வரி உங்கள் கணினியின் சொந்த முகவரியிலிருந்தே வந்தால், எதிர்க் கருவி இந்த நெட்வொர்க்கில் கண்ணிலேயே படவில்லை. கேபிள், ஸ்விட்ச், தவறான முகவரி என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஜெனரல் ஃபெயிலியர் என்றால் பாக்கெட் கணினியை விட்டே கிளம்பவில்லை. அடாப்டர் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது பாதுகாப்பு மென்பொருள் தடுத்திருக்கலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்ற வரிகளையும் விண்டோஸ் 'வந்து சேர்ந்த பதில்' என்றே எண்ணி, கடைசியில் இழப்பு 0 சதவீதம் என்று காட்டும். கீழே உள்ள கணக்கை மட்டும் பார்த்துவிட்டு "லாஸ் இல்லீங்ணா" என்று சொன்னவர்கள் பலர். கணக்கைவிட மேலே உள்ள வரிகளைத்தான் நம்ப வேண்டும்.

இன்னொரு பொறி முகவரியில் இருக்கிறது. வருகைப் பதிவுக் கருவிகள் சிலவற்றின் திரையில் முகவரி 192.168.001.010 என்று பூஜ்யங்களோடு தெரியும். அதை அப்படியே அடித்தால், பூஜ்யத்தில் தொடங்கும் 010 என்பதை விண்டோஸ் எட்டடிமான (ஆக்டல்) எண்ணாக எடுத்துக்கொண்டு 192.168.1.8 என்ற வேறு முகவரிக்குப் பிங் அனுப்பும். முன்னால் வரும் பூஜ்யங்களை நீக்கி 192.168.1.10 என்றுதான் அடிக்க வேண்டும்.

5. பதில் சொன்னது யார் என்று உறுதிசெய்தல்

ரூட்டர் முகவரியிலிருந்து பதில் வந்துவிட்டது என்பதாலேயே ரூட்டர் பதில் சொன்னது என்று ஆகிவிடாது. இதை நான் ஒரு பகல் முழுவதையும் இழந்து கற்றுக்கொண்டேன்.

ஒரு பனியன் கம்பெனியில் அலுவலகத்தின் பாதிக் கணினிகளுக்கு இணையம் இல்லை, மீதிப் பாதிக்கு இருந்தது. இணையம் இல்லாத கணினியிலிருந்து 192.168.1.1-க்குப் பிங் அடித்தால் 1 மில்லி விநாடிக்குள் நான்கு பதிலும் வந்தன. இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மாலையில்தான் ஏஆர்பி -ஏ என்ற கட்டளையை அடித்தேன். ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் நேரே, அந்தக் கருவிக்கே உரிய வன்பொருள் எண்ணான மேக் முகவரியை அது காட்டும். 192.168.1.1-க்கு நேரே தெரிந்த மேக் முகவரி, ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்ததோடு பொருந்தவில்லை.

செக்கிங் பகுதியில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒரு புதிய வைஃபை பெட்டியை வாங்கி வந்து, அதன் லேன் (உள் நெட்வொர்க்) துளையில் ஆபீஸ் கேபிளைச் சொருகியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கும் ஆலையிலிருந்து வந்த முகவரி 192.168.1.1 தான். அது தன் போக்கில் கணினிகளுக்கு முகவரி வழங்கிக்கொண்டும், பிங்குக்கு உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டும் இருந்தது. அதற்குப் பின்னால் இணையம் மட்டும் இல்லை.

ஆகவே ரூட்டருக்குப் பிங் அடித்த கையோடு ஏஆர்பி -ஏ அடித்து, கேட்வேயின் மேக் முகவரியை ஸ்டிக்கரோடு ஒப்பிட வேண்டும். ரூட்டரின் லேன் பக்க மேக், ஸ்டிக்கரில் இருப்பதிலிருந்து கடைசி எழுத்தில் மட்டும் மாறுவது உண்டு. முதல் பாதியே வேறாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இணையம் வேலை செய்யும் கணினியிலும் அதே கட்டளையை அடித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

6. விட்டு விட்டு வரும் பழுதுக்கு நீண்ட பிங்

நான்கு பாக்கெட்டுகளில் தெரியாத பழுதுக்கு பிங் -டீ 192.168.1.1 என்று அடித்து ஓடவிட வேண்டும். இது டைகருக்கு வரும் டீ; டாக்டருக்கு வரும் டி அல்ல. நிறுத்துவதற்குக் கண்ட்ரோலோடு சி. நிறுத்தாமல் இடைக்கணக்கு மட்டும் பார்ப்பதற்குக் கண்ட்ரோலோடு பிரேக் விசை. பல மடிக்கணினிகளில் பிரேக் விசையே இல்லாததால் இரண்டாவதை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு திரைகளைத் திறந்து, ஒன்றில் ரூட்டருக்கும் மற்றொன்றில் 8.8.8.8-க்கும் ஒரே நேரத்தில் ஓடவிடுவதே முறை. இரண்டும் ஒன்றாக நின்றால் பழுது கட்டடத்துக்குள். ரூட்டர் பதில் தந்துகொண்டிருக்க வெளி முகவரி மட்டும் நின்றால் பழுது ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ. இந்த ஒரு சோதனை இல்லாமல் யாரிடமும் வாதாடக் கூடாது.

இழப்பு வரும் விதத்தையும் கவனிக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக வரிகள் தவறினால், நான் முதலில் பார்ப்பது கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே 45 கனெக்டரையும் வைஃபை சிக்னலையும்தான். நிட்டிங் கூடத்தில் அதிர்வும் பஞ்சும் சேர்ந்து கனெக்டரைக் கெடுப்பதை அடிக்கடி பார்க்கிறோம். தொடர்ச்சியாக ஐந்தாறு வரிகள் தவறி மறுபடியும் சீராகிவிட்டால், ஏதோ ஒரு பெட்டி அணைந்து எழுகிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு பதிலுக்கும் விண்டோஸ் 4 விநாடி வரை காத்திருக்கும் என்பதால், தவறிய ஐந்து வரிகள் ஐந்து விநாடி அல்ல, ஏறக்குறைய 20 விநாடி.

ஒரு முறை இப்படி வந்த இடைவெளிகளின் நேரத்தைத் தாளில் குறித்துக்கொண்டே போனபோது, அயர்னிங் பகுதியில் பாய்லரைப் போடும் நேரத்தோடு அது பொருந்தியது. ஸ்விட்சின் மின் அடாப்டர் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருந்தது. மின்னழுத்தம் இறங்கும்போதெல்லாம் ஸ்விட்ச் அணைந்து எழுந்தது. யுபிஎஸ் இணைப்புக்கு மாற்றியதோடு முடிந்தது. பிங் -டீ நேரத்தைக் காட்டாது. கடிகாரத்தைப் பார்த்து நாம்தான் எழுத வேண்டும்.

7. வெளி முகவரியைப் பிங் செய்தல்

ரூட்டர் தேறிய பிறகே 8.8.8.8 அல்லது 1.1.1.1. முதலாவது கூகுளுடையது, இரண்டாவது கிளவுட்ஃப்ளேருடையது; இரண்டும் பெயர் தேவையில்லாமல் எண்ணாலேயே பிடிக்கக்கூடிய, எப்போதும் விழித்திருக்கும் முகவரிகள். ஒன்று பதில் தராவிட்டால் மற்றொன்றையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

எத்தனை மில்லி விநாடி என்பது நியாயம்? கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர் என்பதால், போய்வர 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லி விநாடி. பாதை நேர்க்கோட்டில் போகாததால் நடைமுறையில் அதைவிடக் கூடும். ஐரோப்பாவில் இருக்கும் பையரின் (துணி வாங்கும் நிறுவனத்தின்) சர்வர் 150 எடுத்தால் அது பழுதன்று, தூரம். மறுபுறம், 8.8.8.8 என்ற ஒரே முகவரிக்குப் பல ஊர்களில் சர்வர்கள் இருப்பதால் அருகில் உள்ளதுதான் பதில் தரும். அங்கே வரும் எண்ணை வைத்து வெளிநாட்டு இணைப்பு வேகத்தைக் கணிக்கக் கூடாது.

8. பெயரைச் சோதித்தல்

எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் பழுது, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. பிங் கூகுள்.காம் என்று அடித்து, குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட் என்று வந்தால், என்எஸ்லுக்அப் கூகுள்.காம் 8.8.8.8 என்று அடித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் உள்ள எண், எந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இது முகவரியைத் தந்து, எண் இல்லாமல் அடிக்கும்போது தராவிட்டால், கணினியிலோ ரூட்டரிலோ அமைத்திருக்கும் டிஎன்எஸ் சர்வர்தான் படுத்துவிட்டது. பழைய பதில் நினைவில் தங்கியிருக்கலாம் என்று தோன்றினால் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் அடிக்கலாம்.

பிரவுசரிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸும் சாய்கோடுகளுமாக முழு முகவரியை நகலெடுத்து ஒட்டுவது இந்தப் படியின் வழக்கமான தவறு. பிங்குக்கு வேண்டியது தளத்தின் பெயர் மட்டும். பதிலில் முக்காற்புள்ளிகள் நிறைந்த நீளமான முகவரி தெரிந்தால் அது ஐபிவி6. பழைய ஐபிவி4 முகவரியில் சோதிக்க பிங் -4 என்று தொடங்க வேண்டும்.

9. பிங் வராது, வேலை நடக்கும். பிங் வரும், வேலை நடக்காது

பிங்குக்குப் பதில் தருவது கட்டாயமன்று. பல வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் பிங்கைத் தடுத்தே வைத்திருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலும் இயல்பு நிலையில் வெளியிலிருந்து வரும் பிங்குக்குப் பெரும்பாலும் பதில் தராது. அடுத்த மேசைக் கணினி பதில் தரவில்லை என்று அதன் கேபிளைக் கிரிம்பிங் செய்யப் போகக் கூடாது. பிங் அடித்துவிட்டு ஏஆர்பி -ஏ பார்த்தால், பிங் தோற்றாலும் அந்தக் கணினியின் மேக் முகவரி புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும். அப்படியானால் கணினி உயிரோடு இருக்கிறது, ஃபயர்வால்தான் வாயை மூடியிருக்கிறது.

குறிப்பிட்ட சேவையைச் சோதிக்க பவர்ஷெல் திரையைத் திறந்து, டீஎன்சி 192.168.1.20 -போர்ட் 445 என்பதுபோல அடிக்க வேண்டும். இது கறுப்பு சிஎம்டி திரையில் வேலை செய்யாது. போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்: பகிர்ந்த ஃபோல்டருக்கு 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, நெட்வொர்க் பிரிண்டருக்கு பொதுவாக 9100, இணையத்தளத்துக்கு 443. கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது. பிங் தேறி இது தோற்றால், கேபிளை விட்டுவிட்டு அந்தச் சேவையையும் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும்.

10. டிரேசர்ட்டை வாசித்தல்

வெளி முகவரி தோற்கும்போது எதுவரை போகிறது என்று பார்க்க டிரேசர்ட் -டி 8.8.8.8 என்று அடிக்க வேண்டும். இது டாக்டருக்கு வரும் டி, பெயர்களைத் தேடி நேரத்தை வீணாக்காமல் இருக்கச் சொல்வது. முதல் வரியில் உங்கள் ரூட்டர் வரும், அடுத்தடுத்து இணைய நிறுவனத்தின் கருவிகள் வரும், அதிகபட்சம் 30 வரிகள்.

நடுவில் ஒரு வரியில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்ததும் "இங்கதானுங்க கட் ஆகுது" என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிந்தைய வரிகள் ஒழுங்காக வந்தால் அந்த நட்சத்திரங்களுக்குப் பொருளே இல்லை. அந்தக் கருவி பதில் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் கடத்திவிட்டது. கடைசிவரை நட்சத்திரமாகவே போனால்தான், கடைசியாகப் பதில் வந்த வரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வரியில் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் முகவரி தெரிந்தால் அதுவும் பழுதன்று. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. முதலாளி வீட்டிலிருந்து குடோன் கேமராவைப் பார்க்க முடியவில்லை என்ற புகார்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் இதுதான். எத்தனை முறை ரூட்டரில் போர்ட் திறந்தாலும் அது தீராது.

11. பெரிய பாக்கெட் சோதனை

எல்லாப் பிங்கும் தேறுகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் விபிஎன் வழியாகப் பெரிய கோப்பை அனுப்பினால் தொங்குகிறது என்ற நிலைக்கு மட்டுமே இது. பிங் -எஃப் -எல் 1472 8.8.8.8 என்று அடிக்க வேண்டும். எல் என்பது எழுத்து. எண் 1 என்று அடித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். 1472-ஓடு தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகிறது. பாக்கெட்டைத் துண்டாக்க வேண்டும் என்ற செய்தி வந்தால் 1464-ஐ அடித்துப் பார்க்க வேண்டும். அது போனால், பயனர் பெயர், கடவுச்சொல்லோடு இணையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் வரும் 1492 வரம்பு அது. ரூட்டரிலும் விபிஎன்னிலும் எம்டியு (துண்டாக்காமல் அனுப்பக்கூடிய மிகப் பெரிய பாக்கெட்) அளவை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

12. புகார் கொடுக்கும் முன்

இணைய நிறுவனத்தின் பக்கம்தான் பழுது என்று தெரிந்த பிறகு, ரூட்டருக்கான பிங், அதே நிமிடத்தில் 8.8.8.8-க்கான பிங், டிரேசர்ட், தாளில் குறித்த நேரங்கள் ஆகிய நான்கையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ரூட்டரை அணைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். எதிர்முனையில் பேசுபவர் முதல் வார்த்தையாக ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார். போட்டதும் இணைப்பு பத்து நிமிடத்துக்கு நன்றாக ஓடும், சான்று எதுவும் மிஞ்சாது, புகாரை மூடிவிடுவார்கள், சாயங்காலம் பில் போடும் நேரத்தில் மறுபடியும் போன் வரும்.